அடைப்பு திறந்த பிறகு எரிவது எது?

கோத்தகிரிப் பக்கம் ஏதாவது ஒரு தோட்டத்து ஓரமாக நின்று, இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாகக் கிள்ளி, உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து நன்றாகக் கசக்கிப் பாருங்கள். தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. கசங்கிய உருண்டையை ஒரு தாளில் வைத்துவிட்டு அரை மணி நேரம் கழித்து வந்தால் ஓரங்கள் செம்பு நிறமாகியிருக்கும். இன்னும் கொஞ்ச நேரத்தில் பழுப்பு. கிள்ளாமல் விட்ட அடுத்த இலையும் அதே காற்றில்தான் நிற்கிறது. அது பச்சையாகவே இருக்கிறது.

காற்றில் ஆக்சிஜன் கூடவில்லை, குறையவில்லை. இலைக்குள் கேட்டகின் என்ற பொருள் ஓர் அறையில் இருக்கிறது. அதை ஆக்சிஜனோடு சேர்த்துவைக்கும் நொதி வேறோர் அறையில் இருக்கிறது. கசக்கியதில் அறைச்சுவர்கள் உடைந்தன. அதுவரை தொந்தரவு செய்யாத ஆக்சிஜன் வேலையைத் தொடங்கிவிட்டது. தேயிலைத் தொழிற்சாலையில் இதை 'நொதித்தல்' என்கிறார்கள். அங்கே எதுவும் புளிப்பதில்லை. அது ஆக்சிஜனேற்றம்தான்.

இந்த இலையை நான் கசக்கிக் காட்டியது என் அடுத்த வீட்டுக்காரருக்கு. அவருக்கு இது தெரியாததல்ல. தொழிற்சாலையில் முப்பது வருடம் தேயிலை உலர்த்தும் டிரையர் பார்த்து ஓய்வு பெற்றவர். போன மார்கழியில் ஒரு விடிகாலை அவருக்கு நெஞ்சு வலி. இங்கேயே ஈ.சி.ஜி. எடுத்து, மாத்திரைகளை விழுங்கவைத்து, 108 ஆம்புலன்சில் ஏற்றி, கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கிக் கோயம்புத்தூரில் சேர்த்தார்கள். இதயத்தின் ரத்தக்குழாயில் இருந்த அடைப்பை பலூன் வைத்துத் திறந்தார்கள். திறந்த சில நிமிடங்களில் துடிப்பு தாறுமாறாக ஓடி, பிறகு தானே அடங்கியது. மறுநாள் எக்கோவில் இதயம் சுருங்கும் பலம் குறைவு என்றார்கள். ஆறு வாரம் கழித்து எடுத்தபோது பெரும்பகுதி தேறியிருந்தது.

வீடு திரும்பியவர் திண்ணையில் உட்கார்ந்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "டீச்சர், அடைப்பு இருந்தபோது ஒழுங்காக ஓடிய இதயம் அடைப்பை எடுத்ததும் ஏன் தடுமாறியது? ரத்தம் வந்தால் நல்லதுதானே நடக்க வேண்டும்?"

இருபது வருடம் வேதியியல் பாடம் நடத்திய எனக்கு இதைவிட நல்ல கேள்வி வகுப்பில் வந்ததில்லை.

முதலில் ரத்தம் நின்றால் என்ன ஆகிறது என்று பார்க்கலாம். சுற்றுலா வருகிறவர்கள் சிலர் "மலையில் ஆக்சிஜன் குறைவாமே, இதயத்துக்கு ஆகாதாமே" என்பார்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடற்கரையில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய முக்கால் பங்குதான் இங்கே கிடைக்கும். உடல் கொஞ்சம் வேகமாக மூச்சு வாங்கி, நாளடைவில் சிவப்பணுக்களைக் கூட்டிச் சமாளித்துக்கொள்கிறது. ரத்தமே வராமல் போவது வேறு சங்கதி. அப்போது ஆக்சிஜன் மட்டுமல்ல, சர்க்கரையும் வராது. கழிவும் வெளியேறாது. வீட்டுக்குத் தண்ணீர்க் குழாயையும் சாக்கடையையும் ஒரே நேரத்தில் அடைத்தது போல. மருத்துவத்தில் இதற்கு 'இஸ்கீமியா' என்று பெயர்.

செல்லின் செலாவணி ஏ.டி.பி. என்ற மூலக்கூறு. ஒரு நாளில் நம் உடல் எடைக்கு ஏறக்குறைய நிகரான அளவு ஏ.டி.பி.யை உடைத்து மறுபடி கட்டுகிறோம். ஆனால் எந்த நொடியிலும் கையில் இருப்பது நூறு கிராமுக்கு உள்ளேதான். அன்றாடங்காய்ச்சிக் குடும்பம் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆக்சிஜன் நின்ற சில நொடிகளில் கையிருப்பு கரையத் தொடங்குகிறது. ஆக்சிஜன் இல்லாமல் சர்க்கரையை அரைகுறையாக உடைத்துக் கொஞ்சம் ஈட்டலாம், ஆனால் அந்த வழியில் அமிலம் சேர்ந்துகொண்டே போகும். சோடியத்தை வெளியே தள்ளும் பம்பு ஓய்கிறது, செல் தண்ணீர் குடித்து வீங்குகிறது, கால்சியம் உள்ளே ஏறுகிறது. மூளை நாலைந்து நிமிடத்துக்கு மேல் தாங்காது. இதயத் தசை இருபது நிமிடம் போலத் தாங்கும். அதன் பிறகு உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் நோக்கி, மணிக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும்.

இதுவரை பட்டினிக் கதை. ஃப்ரீ ராடிக்கல் இனிமேல்தான் வருகிறது. பாடப்புத்தகத்தில் அதைத் 'தனி உறுப்பு' என்று எழுதியிருப்போம். மாணவர்கள் கையையும் காலையும் நினைத்துக்கொள்வார்கள் என்பதால் நான் வகுப்பில் ராடிக்கல் என்றே சொல்லிவிடுவேன்.

மூலக்கூறுகளில் எலக்ட்ரான்கள் பொதுவாக ஜோடி ஜோடியாக இருக்கும். ஒன்று தனித்துவிட்டால் அந்த மூலக்கூறு ராடிக்கல். அது பக்கத்தில் இருப்பதிடமிருந்து ஒரு எலக்ட்ரானைப் பறிக்கும். பறிகொடுத்தது இப்போது ராடிக்கல் ஆகிவிடும், அது அடுத்ததிடம் கை வைக்கும். 1900-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மோசஸ் கோம்பர்க் இப்படி ஒரு பொருளை முதன்முதலில் கையில் பிடித்துக் காட்டினார்.

ஆக்சிஜன் ஏன் இதில் முதல் குற்றவாளி? நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன் மூலக்கூறிலேயே இரண்டு எலக்ட்ரான்கள் ஜோடியில்லாமல் இருக்கின்றன. அதனால் அது வெளியிலிருந்து எலக்ட்ரானை ஒவ்வொன்றாக வாங்கவே விரும்பும். நான்கு வாங்கி முடித்தால் தண்ணீர். மைட்டோகாண்டிரியா என்ற செல்லின் அடுப்பு இந்த நான்கையும் கையைவிட்டு நழுவாமல் கொடுத்து முடிக்கிறது. வழியில் நழுவினால்தான் வம்பு. ஒன்று மட்டும் வாங்கிய ஆக்சிஜன் சூப்பர் ஆக்சைடு. இரண்டு வாங்கினால் ஹைட்ரஜன் பெராக்சைடு. இது ராடிக்கல் அல்ல, ஆனால் இரும்பு அயனி பக்கத்தில் இருந்தால் உடைந்து ஹைட்ராக்சில் ராடிக்கல் ஆகிறது. இந்த இரும்பு வினையை 1894-இல் விவரித்தவர் ஹென்றி ஃபென்டன். மூவரிலும் கொடியது ஹைட்ராக்சில்தான். அதன் ஆயுள் ஒரு நானோ நொடி அளவுதான். பிறந்த இடத்திலிருந்து சில நானோ மீட்டர் நகர்வதற்குள் எதையாவது கடித்துவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மாத்திரைகளைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

நலமாக இருக்கும் உடலிலும் எலக்ட்ரான் கொஞ்சம் கசியத்தான் செய்யும். அதற்குக் காவல் உண்டு. காயத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் நுரைத்துப் பொங்குமே, அது உங்கள் செல்லில் இருக்கும் கேட்டலேஸ் என்ற நொதி அதைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கும் காட்சி. அந்த நுரை ஆக்சிஜன் குமிழிகள். சூப்பர் ஆக்சைடைப் பிடிக்க வேறொரு நொதி இருக்கிறது. சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற அந்த நொதியின் வேலையை 1969-இல் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோ மெக்கார்டும் இர்வின் ஃப்ரிடோவிச்சும் கண்டறிந்தார்கள். உடலிலேயே இப்படி ஒரு காவலாளி இருக்கிறான் என்றால் திருடனும் இருக்கத்தானே வேண்டும்? அதற்குப் பிறகுதான் மருத்துவம் ராடிக்கல்களைப் பெரிய அளவில் திரும்பிப் பார்த்தது.

இப்போது அடுத்த வீட்டு அண்ணனின் கேள்விக்கு வருகிறேன். ரத்தம் நின்ற அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் செல் சும்மா பட்டினி கிடக்கவில்லை. தன்னையறியாமல் விறகு அடுக்கிக்கொண்டிருந்தது.

விறகில் இரண்டு வகை. முதலாவது, உடைந்த ஏ.டி.பி.யின் மிச்சம். ஏ.டி.பி. படிப்படியாக உடைந்து ஹைப்போசாந்தைன் என்ற பொருளாகக் குவிகிறது. அதை யூரிக் அமிலமாக்கி அனுப்பும் நொதி ஒன்று உண்டு. சாதாரண நாளில் அது தான் பிடுங்கும் எலக்ட்ரான்களைப் பெரும்பாலும் பத்திரமான கைகளில் ஒப்படைக்கும். ரத்தம் நின்ற நேரத்தில் அதன் வடிவம் மாறி, ஆக்சிஜனிடம் எலக்ட்ரானைத் தூக்கிக் கொடுக்கும் சாந்தைன் ஆக்சிடேஸ் ஆகிவிடுகிறது. ஆனால் கொடுக்க ஆக்சிஜன்தான் இல்லையே. நொதியும் தயார், பொருளும் மலைபோல் தயார், காத்திருக்கின்றன. அடைப்பு திறந்ததும் ஆக்சிஜன் வருகிறது. சூப்பர் ஆக்சைடு வெள்ளமாகப் பிறக்கிறது. 1981-இல் கிரேஞ்சர், மெக்கார்ட் குழுவினர் பூனைக்குடலில் இதைக் காட்டினார்கள். மெக்கார்ட் யார் என்று நினைவிருக்கும்: காவலாளியைக் கண்டுபிடித்த அதே மனிதர்.

குடலில் சரி, மனித இதயத்தில் அந்த நொதி மிகக் குறைவாயிற்றே என்ற வழக்கு நெடுநாள் ஓடியது. அங்கே இரண்டாவது விறகு முக்கியமாகிறது. ஆக்சிஜன் இல்லாத நேரத்தில் மைட்டோகாண்டிரியாவில் சக்சினேட் என்ற பொருள் குவிகிறது. ரத்தம் திரும்பியதும் அது முதல் சில நிமிடங்களில் படுவேகமாக எரிகிறது. எலக்ட்ரான்கள் போகவேண்டிய திசையை விட்டுப் பின்னோக்கித் தள்ளப்பட்டு, எலக்ட்ரான்களைக் கைமாற்றிக் கொடுக்கும் சங்கிலியின் முதல் வாசலிலேயே ஆக்சிஜன் மேல் கொட்டுகின்றன. ஒருவழிப் பாதையில் வண்டிகள் பின்னோக்கி வந்தது போல. இதைக் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள் தலைமையிலான ஒரு குழு 2014-இல் எலிகளில் விளக்கியது. எனக்கு இந்த விளக்கம் முந்தையதைவிட மனதுக்குப் பிடிக்கிறது. ஏனென்றால் ராடிக்கல்களின் இந்த வெடிப்பு ஏன் முதல் சில நிமிடங்களோடு அடங்குகிறது என்பதற்கும் அதில் பதில் இருக்கிறது. விறகு தீர்ந்தால் தீ அடங்கும்.

இந்த முரண் அதற்கும் முன்பே கண்ணில் பட்டதுதான். 1973-இல் லண்டனில் டேவிட் ஹியர்ஸ், ஆக்சிஜன் இல்லாமல் வைத்திருந்த எலி இதயத்துக்குத் திடீரென்று ஆக்சிஜனைத் திருப்பிக் கொடுத்தபோது, அந்தக் கணத்தில்தான் செல் நொதிகள் வெளியே கொட்டுவதைப் பார்த்தார். 'ஆக்சிஜன் முரண்' என்ற பெயர் அப்படி வந்தது.

சரி, பிறந்த ராடிக்கல்கள் எதைக் கெடுக்கின்றன? செல்லின் சுவர் கொழுப்பால் ஆனது. சமையலறையில் பழைய கடலை எண்ணெய் சிக்கு வாடை அடிக்குமே, அதே வினை செல்சுவரில் நிமிடங்களில் நடக்கிறது. ஒரு கொழுப்பு மூலக்கூறு எலக்ட்ரானை இழந்தால் அது பக்கத்துக் கொழுப்பைக் கடிக்கும், அது அடுத்ததை. வைட்டமின் ஈ இந்தச் சங்கிலியில் நடுவே நுழைந்து அறுப்பது. அறுக்க ஆளில்லாத இடத்தில் சுவர் ஓட்டையாகிறது. புரதங்களும் மரபுப் பொருளும் அடிபடுகின்றன. மைட்டோகாண்டிரியாவின் உட்சுவரில் ஒரு கதவு இருக்கிறது. கால்சியமும் ராடிக்கல்களும் சேர்ந்து அதைத் திறந்துவிட்டால் அந்த அடுப்பு நிரந்தரமாக அணைந்துவிடும். அண்ணனின் துடிப்பு தாறுமாறானதற்கு, செல்சுவரின் மின் வாயில்கள் இந்தக் கலவரத்தில் தடுமாறியது ஒரு காரணம்.

இதோடு முடியவில்லை. காயம் பட்ட இடத்துக்கு வெள்ளை அணுக்கள் ஓடி வருகின்றன. கிருமியைக் கொல்ல அவை வைத்திருக்கும் ஆயுதமும் ராடிக்கல்தான். கூடவே பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்தால் கிடைக்கும் அதே ஹைப்போகுளோரஸ் அமிலத்தைத் தாமே காய்ச்சித் தெளிக்கின்றன. அங்கே கிருமி இல்லை, இருப்பது தவித்துக்கொண்டிருக்கும் சொந்தத் தசை. வேலியே பயிரை மேய்கிறது. ரத்தக்குழாயைத் தளர்த்தி விரித்துவைக்கும் நைட்ரிக் ஆக்சைடை சூப்பர் ஆக்சைடு விழுங்கி, பெராக்சிநைட்ரைட் என்ற இன்னொரு நஞ்சாக மாற்றுகிறது. இப்படிப் பலதும் சேர்ந்து, பெரிய குழாய் திறந்த பிறகும் மயிரிழைக் குழாய்களில் ரத்தம் ஏறாமல் போவதுண்டு. மண்சரிவை அகற்றிப் பிரதான சாலையைத் திறந்துவிட்டார்கள், ஊருக்குள் போகும் சந்துகள் அடைந்து கிடக்கின்றன.

"அப்படியென்றால் திறக்காமலே விட்டிருக்கலாமோ?" என்றார் அண்ணன். நான் பயந்த கேள்வி இதுதான்.

கூடவே கூடாது. திறக்காவிட்டால் அந்தத் தசையில் பெரும்பகுதி சாகும்; அதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. திறப்பதால் காப்பாற்றப்படுவது பெரும்பங்கு, திரும்பும் ரத்தம் கெடுப்பது அதில் ஒரு பங்கு. அடைப்பு நீடிக்க நீடிக்க சாகும் தசை கூடுகிறது, அடுக்கப்பட்ட விறகும் கூடுகிறது. அதனால் சீக்கிரம் திறப்பது இரண்டு வழியிலும் லாபம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கவே 33 கிலோமீட்டர், அதன் பிறகுதான் சமவெளிச் சாலை. மலையில் இருப்பவர்கள் நெஞ்சு வலியை 'வாயுவாக இருக்கும்' என்று விடியும்வரை ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்க முடியாது. ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளைக் கொடுத்து அனுப்பும் 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தமிழக அரசு 2023-இல் தொடங்கியது இதற்காகத்தான்.

ஆறு வாரத்தில் இதயம் தேறியதற்கும் காரணம் உண்டு. ராடிக்கல்களும் கால்சியமும் தாக்கிய தசையில் ஒரு பகுதி சாவதில்லை, திகைத்து நிற்கிறது. உயிர் இருக்கிறது, ரத்தமும் வருகிறது, சுருங்க மட்டும் முடியவில்லை. நாட்கள், சில வேளை வாரங்கள் ஆகித் தெளிகிறது. மறுநாள் எக்கோவைப் பார்த்து மனம் உடைய வேண்டியதில்லை என்று மருத்துவர்கள் சொல்வது ஆறுதலுக்கான பேச்சு அல்ல.

இனி மாத்திரை விஷயம். எங்கள் பக்கம் தேயிலை விற்கும் கடைகளில் 'ஆன்ட்டி ஆக்சிடன்ட் நிறைந்தது, இதயத்துக்கு நல்லது' என்ற பலகை இல்லாத கடை குறைவு. ஆன்ட்டி ஆக்சிடன்ட் என்றால் ராடிக்கலைப் பிடித்து அடக்கும் பொருள். கிரீன் டீ குடியுங்கள், எங்கள் சிறு விவசாயிகளுக்கு நல்ல விலை கிடைக்கட்டும். ஆனால் அடைப்பு திறக்கும் நிமிடத்தில் அது காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். ராடிக்கல்தான் குற்றவாளி என்றால் அதைப் பிடிக்கும் மருந்தைக் கொடுத்தால் போதுமே என்று விஞ்ஞானிகளும் நினைத்தார்கள். மாரடைப்பில் பலூன் வைக்கும்போதே டிஸ்மியூட்டேஸ் நொதியைச் செலுத்திப் பார்த்த ஆய்வு 1994-இல் வெளிவந்தது, பலன் இல்லை. இதய நோய் அபாயம் உள்ள ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு வருடக்கணக்கில் வைட்டமின் ஈ கொடுத்த ஆய்வு 2000-இல் வந்தது, பலன் இல்லை. பக்கவாதத்துக்கு என்.எக்ஸ்.ஒய்.-059 என்ற மருந்து 2006-இல் நம்பிக்கை தந்தது, 2007-இல் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் சோதித்தபோது கைவிரித்தது. விதிவிலக்கு போல, எடரவோன் என்ற ராடிக்கல் பிடிக்கும் மருந்துக்குப் பக்கவாதத்துக்காக ஜப்பான் 2001-இல் அனுமதி கொடுத்தது.

ஏன் இத்தனை தோல்வி? ஒரு நானோ நொடி மட்டும் வாழ்ந்து, பிறந்த இடத்திலேயே கடித்துவிட்டு மறையும் ஒன்றைப் பிடிக்க, மருந்து அதே இடத்தில், அதே நொடியில், ஏராளமாக இருந்தாக வேண்டும். வெடிப்பு நடப்பது மைட்டோகாண்டிரியாவுக்குள், அதுவும் குழாய் திறந்த முதல் நிமிடங்களில். மருந்தோ ரத்தத்தில் மிதக்கிறது; பல நேரம் நோயாளியே தாமதமாகத்தான் வந்து சேர்கிறார். இன்னொரு சிக்கலும் இருக்கிறது: ராடிக்கல் முழுக்க எதிரி அல்ல. 1986-இல் டியூக் பல்கலைக்கழகத்தில் மரி, ஜென்னிங்ஸ், ரெய்மர் மூவரும் நாய்களின் இதயக் குழாயை ஐந்தைந்து நிமிடமாக நான்கு முறை அடைத்துத் திறந்துவிட்டு, பிறகு நாற்பது நிமிடம் அடைத்தார்கள். செத்த தசை, அப்படிப் பழக்காத நாய்களில் செத்ததில் கால் பங்குதான். சிறு சிறு பஞ்சம் பெரும் பஞ்சத்துக்கு உடலைத் தயார்செய்கிறது. அந்த எச்சரிக்கையைச் செல்லுக்குள் கொண்டுபோகும் தூதர்களில் ராடிக்கல்களும் உண்டு. தூதனையும் சேர்த்துக் கொன்றால் செய்தி எப்படிப் போகும்?

பலன் தெளிவாகத் தெரியும் இடம் ஒன்று இருக்கிறது: மாற்று உறுப்பு. அங்கே ரத்தம் எப்போது நிற்கும், எப்போது திரும்பும் என்பது முன்கூட்டியே தெரியும். எடுத்த சிறுநீரகத்தைக் கழுவி நிரப்ப விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உருவான கரைசலில் ராடிக்கலைப் பிடிக்கும் குளூட்டத்தயோனும், அல்லோபியூரினாலும் இருக்கின்றன. இரண்டாவது, மூட்டு வீக்கத்துக்கு யூரிக் அமிலம் குறைக்கக் கொடுக்கும் அதே மாத்திரை. அது தடுப்பது சாந்தைன் ஆக்சிடேஸை. ஆனாலும் பெரும்வேலை செய்வது பனிக்கட்டிதான். நாலு டிகிரி குளிரில் செல்லின் செலவு அடங்கிவிடுகிறது. சிறுநீரகம் ஒரு நாள் வரைகூடத் தாங்கும், இதயம் நாலைந்து மணி நேரம்.

தேயிலை உவமை எல்லா இடத்திலும் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இலையில் நடப்பதை நாம் விரும்பிச் செய்கிறோம், நிறத்துக்கும் சுவைக்கும். இலையின் நொதியும் வேறு. இதை அண்ணனிடமும் சொன்னேன். அவர் வேறொன்றைப் பிடித்துக்கொண்டார்.

"இலை போதுமான அளவு சிவந்ததும் நாங்கள் டிரையரில் போட்டு நொதியைக் கொன்றுவிடுவோம். அதோடு நின்றுவிடும். எனக்குள்ளே டிரையர் யார், டீச்சர்?"

சூடு வைத்து நிறுத்த உடலில் வழியில்லை, அங்கே காவல் நொதிகளை நம்பி இருக்க வேண்டியதுதான் என்றேன். அவர் சற்று யோசித்தார்.

"டிரையர் பழுதான நாளில் நாங்கள் என்ன செய்வோம் தெரியுமா? அரைத்த தூளைக் குவித்து வைத்தால் உள்ளே சூடேறிக் கெட்டுவிடும். கூடத்துச் சன்னல்களைத் திறந்துவிட்டு, தரை முழுக்க விரல் கனத்துக்கு மெல்லிசாகப் பரப்பி, சுற்றிலும் ஈரச் சாக்கு தொங்கவிட்டுக் குளிரவைப்போம். பழுது பார்க்கிறவர் குன்னூரிலிருந்து வந்து சேரும்வரை."